மேற்கு மாம்பலத்தில் குழம்பு, கூட்டு மட்டும் விற்கும் கடை: அம்மாவுக்குத் தினமும் வாங்கலாமா?

நெல்லைச்செல்வி (மேற்கு மாம்பலம்) – செவ்வாய், இரவு 9:40

வணக்கம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். முழு விவரம் தெரிந்தால்தான் நீங்கள் சரியாகச் சொல்ல முடியும்.

எனக்கு 53 வயது. எழும்பூரில் வேலை. வீட்டில் நானும் அம்மாவும்தான். கணவர் ஓசூரில் இருக்கிறார், மாதம் இரண்டு முறை வருவார். மகள் திருச்சியில் படிக்கிறாள். அம்மாவுக்கு 81. போன ஆவணியில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு அறைக்கும் கூடத்துக்குமாக நடக்கிறாள். விழுகிற நாள் வரைக்கும் எங்கள் வீட்டு அடுப்பு அம்மாவுடையதுதான். நான் காய் நறுக்கிக் கொடுப்பேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நாலரை மணிக்கு எழுந்து சமைக்க ஆரம்பித்தேன். மாம்பலம் ஸ்டேஷனில் 8:35 வண்டியைப் பிடிக்க வேண்டும். அதற்குள் அம்மாவைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, பகலில் துணைக்கு வரும் அக்காவிடம் எல்லாம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். சமையலுக்கு ஓர் ஆள் வைத்தோம். இரண்டு மாதம் வந்தார், மகளுக்குப் பிரசவம் என்று ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. ஓட்டல் பார்சல் ஒரு வாரம் வாங்கிப் பார்த்தேன். அம்மாவுக்கு நெஞ்செரிச்சல் வந்துவிட்டது.

தை மாதம் ஒரு சனிக்கிழமை, நான் வழக்கமாக வரும் தெருவில் கால்வாய்க்குப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். பைக்குள் மாத்திரையும் ஒரு கட்டு கீரையுமாக ஆரிய கவுடா ரோட்டிலிருந்து அடுத்த தெருவுக்குள் திரும்பினேன். நல்லெண்ணெயில் பெருங்காயம் பொரிகிற வாசனை வந்தது. கூடவே சுண்டைவற்றல் வறுபடுகிற வாசனை. யார் வீட்டிலோ தாளிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே நடந்தால், ஒரு பழைய வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் தூக்குச்சட்டியோடு நிற்கிறார்கள். அதில் பாதிப் பேர் எழுபது வயதுக்கு மேலே. திண்ணையை ஒட்டி ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் நாலு எவர்சில்வர் அண்டா. கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்தது: முருங்கைக்காய் சாம்பார், சுண்டைக்காய் வத்தக்குழம்பு, தக்காளி ரசம், புடலங்காய்க் கூட்டு, கொத்தவரங்காய்ப் பருப்புசிலி, பிரண்டைத் துவையல். அவ்வளவுதான். சாதம் கிடையாது, இட்லி தோசை கிடையாது.

நான் சாதம் கேட்டேன். "சாதம் ஆத்துலயே வடிச்சுக்கோங்கோ, அதுதான் சூடா இருக்கும்" என்றார் மாமி. என்னிடம் பாத்திரம் இல்லை. பாலிதீன் கவர் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் மூடி போட்ட மூன்று சம்படம் எடுத்து வந்து நிரப்பிக் கொடுத்தார். "நாளைக்குக் கொண்டாங்கோ" என்றார். என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து குக்கர் வைத்தேன். அம்மாவுக்குச் சாம்பார் ஊற்றிப் பிசைந்து கொடுத்தேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து, "இது யார் வீட்டுச் சாம்பாருட்டீ?" என்று கேட்டாள். கடை என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. அன்றைக்கு இரண்டாவது முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் அடுக்களைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

மூன்று வாரமாகத் தினமும் வாங்குகிறேன். சாம்பார் கால் லிட்டர் 40 ரூபாய், ரசம் 25, கூட்டு 45. இரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு 110லிருந்து 140 வரை ஆகிறது. எழுந்திருப்பது இப்போது ஐந்தே முக்காலுக்கு.

இனி என் கேள்விகள். கடை காலையில் ஏழு மணிக்குத் திறக்கிறது. நான் ஏழேகாலுக்கு வாங்கி வருகிறேன். அம்மா சாப்பிடுவது பன்னிரண்டரைக்கு. ஐந்து மணி நேரத்துக்கு மேல் இருக்கிறதே, வெயில் காலத்தில் என்ன செய்வது? அம்மாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு, உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கடைச் சாப்பாட்டில் அதை எப்படிச் சமாளிப்பது? வருஷக்கணக்கில் ஒரே கடையில் வாங்குவதென்றால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

இன்னொன்றும் இருக்கிறது. என் சித்தி போனில், "பெத்தவளுக்கு விலைக்கு வாங்கிப் போடுதியாக்கும்" என்றாள். அது மனசிலேயே நிற்கிறது. வயதானவர்களை வைத்துக்கொண்டு இப்படி வாங்கிச் சாப்பிடும் வீடுகள் இருந்தால் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

---

கரண்டிக்காரர் (நங்கநல்லூர்) – செவ்வாய், இரவு 11:05

அம்மா, நீங்கள் சொல்லும் கடை மாதிரி ஒன்றை நானே நடத்துகிறேன். அதனால் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

இருபது வருஷத்துக்கு மேல் கல்யாணச் சமையல். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்ததும் பங்குனி, சித்திரை, வைகாசி முகூர்த்தம் அத்தனையும் போயிற்று. ஆறு பேர் என்னை நம்பி இருந்தார்கள். பக்கத்தில் தனியாக இருந்த பெரியவர்கள் சிலர், எங்களுக்கு ரசமும் ஒரு கூட்டும் கொடுத்தால் போதும் என்று கேட்டார்கள். அப்படி ஆரம்பித்ததுதான், இன்றைக்கும் நடக்கிறது. கல்யாணத்துக்கு இப்போது போவதில்லை.

காலை மூன்றரைக்கு அடுப்பு மூட்டுவோம். ஒரு கிலோ துவரம்பருப்புக்கு ஒன்பது, மிஞ்சினால் பத்து லிட்டர் சாம்பார். அதற்கு மேல் தண்ணீர் விட்டால் மைதாவோ அரிசி மாவோ கரைத்து விட்டால்தான் கெட்டியாகும். நீங்கள் வாங்கும் சாம்பாரை ஒரு டம்ளரில் ஊற்றிக் கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். பருப்பு கீழே இறங்கி மேலே தெளிவாக நின்றால் அது பருப்புச் சாம்பார். கடைசி வரை கஞ்சி மாதிரி ஒரே சீராக நின்றால் மாவு சேர்ந்திருக்கலாம். மாவு விஷம் இல்லை, ஆனால் சர்க்கரை உள்ளவர்கள் வீட்டில் தெரிந்திருக்க வேண்டும்.

நேற்றைய சரக்கைக் கண்டுபிடிப்பது கஷ்டம் இல்லை. முருங்கைக்காயைக் கையில் எடுத்துப் பாருங்கள். இன்றைக்கு வெந்தது முழுசாக நிற்கும். மறுபடி கொதித்தது நாராகப் பிரிந்துவிடும். கொத்தமல்லித் தழை பச்சையாக இல்லாமல் கறுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே புதுசாகத் தாளித்துக் கொட்டியிருந்தாலும் இந்த இரண்டையும் மறைக்க முடியாது. பழையதைப் புதுசில் கலந்தால் மத்தியானத்துக்குள் ஓரத்தில் நுரை கட்டும்.

அதைவிட முக்கியமானது பலகை. காய் மார்க்கெட்டோடு சேர்ந்து மாறுகிறதா பாருங்கள். கொத்தவரங்காய் மலிந்தால் உசிலி, சௌசௌ மலிந்தால் கூட்டு, மாங்காய் வந்தால் பச்சடி என்று மாறினால், அந்தக் கடைக்காரர் காலையில் காய் வாங்குகிறார் என்று அர்த்தம். வருஷம் முழுக்க ஒரே பட்டியல் இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். "தீந்துபோச்சு" என்று சொல்லும் கடையை நம்புங்கள். ஒன்பதரை மணிக்கு அண்டா காலியானால் மறுநாளுக்கு மிச்சம் வைக்க என்ன இருக்கும்?

உரிமம் பற்றி: உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்திருந்தால் 14 இலக்க எண் ஒன்று கொடுப்பார்கள், கடையில் மாட்டியிருக்க வேண்டும். வீட்டுத் திண்ணைக் கடையானாலும் பதிவு வேண்டும். இல்லையென்றால் மாமியிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், சிலருக்கு விவரம் தெரியாது. அப்பளம், வடை போடும் கடையானால் எண்ணெயைப் பாருங்கள். கறுத்து, பிசுபிசுத்து, கொப்பரையில் புகைந்துகொண்டிருந்தால் அதை மட்டும் வாங்காதீர்கள்.

கவர் தர மாட்டேன் என்றாரே, அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரைக் கும்பிடலாம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. ஆனாலும் கொதிக்கக் கொதிக்க ரசத்தைக் கவரில் ஊற்றி ரப்பர் பேண்டு போடுவது நின்றபாடில்லை. நானும் நிறுத்தினேன். முதல் மாதம் வாடிக்கை குறைந்தது. முப்பது சம்படம் வாங்கி இரவல் கொடுத்தேன். நாலு திரும்பி வரவில்லை. மற்றது எல்லாம் வந்தது.

உப்புக்கு வழி இருக்கிறது. கூட்டிலும் பொரியலிலும் உப்பைக் கடைசியில்தான் போடுவோம். "எங்கம்மாவுக்கு ஒரு கிண்ணம் உப்பு போடறதுக்கு முன்னாடி எடுத்து வையுங்கோ" என்று முதல் நாளே சொல்லி வைத்தால் யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். எனக்கு அப்படி ஒன்பது வீடு இருக்கிறது. வத்தக்குழம்பில் மட்டும் கேட்காதீர்கள். அந்தப் புளிக்கு உப்புக் குறைந்தால் வாயில் வைக்க முடியாது. அதை வாரம் ஒரு நாள், இரண்டு கரண்டியோடு நிறுத்துங்கள்.

---

வார்டு_அக்கா (தாம்பரம்) – புதன், காலை 6:20

நான் ஓய்வுபெற்ற நர்ஸ். எலும்பு முறிவு வார்டில் பல வருஷம் இருந்தவள். செல்வி, உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன்.

சமைத்த சாப்பாட்டை அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு இது. ஒன்று 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், அல்லது 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும். நடுவில் வெதுவெதுப்பாகக் கிடப்பதுதான் ஆபத்து. சென்னையில் சித்திரை வைகாசியில் கேட்கவே வேண்டாம். பருப்பும் தேங்காயும் சேர்ந்தது முதலில் கெடும். எண்ணெய் விட்டுச் சுண்டிய வத்தக்குழம்பு அவ்வளவு சீக்கிரம் கெடாது.

நான் என் மாமியாருக்குச் செய்தது இதுதான். வாய் அகன்ற எவர்சில்வர் பிளாஸ்கில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிஷம் மூடி வைப்பேன். அதற்குள் சாம்பாரை அடுப்பில் வைத்துத் தளதளவென்று கொதிக்கவிடுவேன். தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சாம்பாரைக் கழுத்து வரை ஊற்றி மூடுவேன். அரைகுறையாக ஊற்றினால் சூடு நிற்காது. ரசத்துக்குச் சின்ன பிளாஸ்க் ஒன்று. மத்தியானம் திறக்கும்போது ஆவி பறக்க வேண்டும். பறக்கவில்லை என்றால் பிளாஸ்க்கை மாற்றுங்கள். கூட்டையும் பொரியலையும் தட்டையான டப்பாவில் பரப்பி ஆறவிட்டு உடனே பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். துணைக்கு வரும் அக்கா ஒரு பங்கை மட்டும் எடுத்து ஆவி வரச் சூடுபடுத்தட்டும். மொத்த டப்பாவையும் எடுத்துச் சூடாக்கித் திரும்ப உள்ளே வைக்கிற பழக்கம் வேண்டாம்.

சாதத்தை மத்தியானம்தான் வைக்க வேண்டும். காலையில் வடித்துக் கேசரோலில் போட்டுப் போகாதீர்கள். வெதுவெதுப்பான சாதத்தில் வளரும் ஒரு கிருமி விடும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. அந்த மாமி சாதம் விற்காதது உங்களுக்கு நல்லதாகப் போயிற்று.

உப்பு ஒரு நாளைக்கு மொத்தமாக ஐந்து கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். இது நல்ல உடம்புக்காரர்களுக்கே. கடைக் கூட்டை உப்பில்லாமல் வாங்கினாலும் கூடவே ஊறுகாயும் அப்பளமும் வைத்தால் பயன் இல்லை. மோரில் உப்புப் போடாதீர்கள், பெருங்காயமும் கறிவேப்பிலையும் கசக்கிப் போடுங்கள். கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பை மட்டும் டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். அதில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அது ஆகாது.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், அதுதான் எனக்குப் பெரிய கவலை. எலும்பு முறிந்து எழுந்தவர்களுக்குப் புரதம் வேண்டும். உடம்பு எடை கிலோவுக்கு ஒரு கிராமாவது. அம்மா 50 கிலோ என்றால் 50 கிராம். சாம்பார் சாதம், ரசம் சாதம், புடலங்காய்க் கூட்டு என்று சாப்பிட்டால் வயிறு நிறையும், ஆனால் அந்தக் கணக்கு வராது. 50 கிராம் பாசிப்பயறை வேகவைத்தால் 11, 12 கிராம் கிடைக்கும். ஒரு முட்டையில் 6. ஒரு டம்ளர் பாலில் 6, 7. தினம் இரண்டு வேளை இதில் ஏதாவது சேருங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டு சேருங்கள். கடை மிச்சப்படுத்திக் கொடுக்கிற அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு சுண்டல் செய்தால் போதும்.

---

அரைமணி_அடுப்பு (வேளச்சேரி) – புதன், காலை 10:15

யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. என் அம்மா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. கடைசி ஆறு மாதம் நானும் டிபன் வாங்கித்தான் கொடுத்தேன். இப்போது அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் செய்து வைத்துக்கொண்டால் காலையில் அரை மணி நேரத்தில் ஒரு குழம்பும் ஒரு காயும் ஆகிவிடும். நம் கையால் ஒரு வாய் கொடுத்தோம் என்ற நிறைவு பிறகு திரும்பக் கிடைக்காது. யோசித்துப் பாருங்கள்.

---

நெல்லைச்செல்வி – புதன், இரவு 10:10

வார்டு அக்கா, உங்கள் பதிலை இரண்டு தடவை படித்தேன். புரதத்தைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லை. இன்றைக்கே பாசிப்பயறு ஊறப்போட்டாயிற்று. பிளாஸ்க் நாளை வாங்குகிறேன். கரண்டிக்காரர் ஐயா, டம்ளர் சோதனை செய்து பார்த்தேன். கால் மணி நேரத்தில் பருப்பு இறங்கி மேலே தெளிவு நின்றது. 14 இலக்க எண் உள் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை.

அரைமணி அடுப்பு அண்ணா, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் என் வீட்டு நிலைமையையும் சொல்கிறேன். சில மாதம் நான்தான் சமைத்தேன். அந்த மாதங்களில் அம்மாவோடு உட்கார்ந்து நான் ஒரு வாய் காபி குடித்ததில்லை. "கையைத் தூக்கு, காலை நீட்டு, சீக்கிரம் முழுங்கும்மா, வண்டிக்கு நேரமாச்சு" என்பதுதான் நான் அவளோடு பேசின பேச்சு. அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் குழம்பில் வெந்தயம் கருகிவிட்டது. வாயில் வைத்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். வாய் திறந்து திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது ஆறரை மணிக்கு இரண்டு பேரும் காபி குடிக்கிறோம். அவள் அம்பாசமுத்திரம் கதை சொல்கிறாள். அவள் ஆச்சி உரலில் இடித்த மல்லிப்பொடி, தாமிரபரணியில் துவைத்துக் காயப்போட்ட சேலை, கூட்டாஞ்சோறு பொங்கின நாள். இதையெல்லாம் நான் முன்னால் கேட்டதே இல்லை. கேட்க நேரம் இருந்ததில்லை. என் கையால் சமைத்தால்தான் என் கையால் கொடுத்ததாகுமா? பிசைந்து கொடுப்பது என் கைதானே. சித்திக்கு இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இங்கே எழுதிவிட்டேன்.

---

கடலோரக்காற்று (வெள்ளவத்தை, கொழும்பு) – வியாழன், காலை 7:50

அக்கா, இஞ்ச வெள்ளவத்தையிலயும் இதே கதைதான். பின்னேரம் காலி வீதிப் பக்கம் போனீங்களெண்டால் இடியப்பம் எண்ணிக் குடுக்கிற கடையள் கனக்க. எங்கட அம்மம்மா நாலாம் மாடியில தனிய இருக்கிறா. பிள்ளையள் எல்லாரும் வெளிநாடு. நான் வேலையால வரேக்க பத்து இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் சம்பலும் வாங்கிக்கொண்டு போவன். அவ சம்பல வாயில வச்சிட்டு, "இண்டைக்கு வேற ஆள் இடிச்சிருக்கு" எண்டு சொல்லுவா. போய்க் கேட்டால் உண்மையாவே ஆள் மாறியிருக்கும். வயசு போனாலும் நாக்கு மறக்கிறேல்ல. உங்கட அம்மாவுக்கு வாய்க்குப் பிடிச்சிருக்கெண்டால் யோசியாமல் வாங்குங்கோ. எங்கட அம்மம்மாவுக்கு ஆகப் பெரிய சந்தோசம் நான் கதவத் தட்டுற நேரந்தான்.

---

புதுக்குடித்தனம் (அசோக் நகர்) – வியாழன், மதியம் 1:30

அக்கா, கடை எந்தத் தெரு? நாங்கள் நாலு பேர் ஒரே அறையில் இருக்கிறோம். அரிசியும் குக்கரும் இருக்கிறது, குழம்புதான் இல்லை.

---

நெல்லைச்செல்வி – வியாழன், இரவு 9:15

தம்பி, மாமியைக் கேட்டேன். அவரும் அவர் தங்கையும் உதவிக்கு ஒரு பெண்ணும்தான். காலையில் பதினைந்து லிட்டர் சாம்பாருக்கு மேல் முடியாது, நெட்டில் போட்டுக் கூட்டம் வந்தால் வழக்கமாக வரும் பெரியவர்களுக்கு இல்லாமல் போய்விடும் என்று பயப்படுகிறார். அதனால் தெருப் பெயரை இங்கே எழுதவில்லை, தப்பாக நினைக்காதே. ஆனால் உன்னைச் சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறார். தனிச்செய்தியில் சொல்கிறேன். நாலு பேருக்கு ஆகிற மாதிரி தூக்குச்சட்டி எடுத்துப் போ.

---

நெல்லைச்செல்வி – ஒரு மாதம் கழித்து, ஞாயிறு, மாலை 4:30

பதில் சொன்னவர்களுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று வந்தேன்.

பிளாஸ்க் வேலை செய்கிறது. பன்னிரண்டரைக்கும் ஆவி பறக்கிறது. உப்புப் போடாத கூட்டு ஒரு கிண்ணம் தினமும் எங்களுக்குத் தனியாக வருகிறது, மூடியில் சின்னதாகச் சாக்பீஸில் "அம்மா" என்று எழுதியிருக்கும். முதல் வாரம் அம்மா முகம் சுளித்தாள். மாமியே ஒரு வழி சொன்னார். இறக்கும்போது மிளகும் சீரகமும் பொடித்துத் தூவி, சாப்பிடும்போது கொஞ்சம் எலுமிச்சை பிழிந்தோம். இப்போது கேட்டுச் சாப்பிடுகிறாள். காலையில் முட்டை, மாலையில் சுண்டல். சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் ஆரம்பித்தேன். நேற்று வாக்கரோடு வாசல் வரை வந்து நின்றாள்.

ஒரு நாள் சாம்பாரைக் குடித்துவிட்டு, "அந்த மாமி நம்ம பக்கத்து ஆளு, கல்லிடைக்குறிச்சியாத்தான் இருக்கும், இது இடிசாம்பாருல்லா" என்று சாதித்தாள். நான் போய்க் கேட்டேன். மாமிக்கு மன்னார்குடி. மல்லியும் பருப்பும் மிளகாயும் வெந்தயமும் வறுத்து, தேங்காயோடு அம்மியில் அரைத்து விடுவதாம். தஞ்சாவூர்ப் பக்கத்தில் அரைத்துவிட்ட சாம்பார் என்பார்கள். எங்கள் பக்கத்தில் அதே சரக்கை இடித்துப் போடுவோம். அம்மாவிடம் சொன்னால் ஒத்துக்கொள்ளவில்லை. "மன்னார்குடிக்குக் கட்டிக்குடுத்திருப்பாங்க, பிறந்தது நம்ம ஊருதான்" என்கிறாள்.

முதல் நாள் இரவல் வாங்கின மூன்று சம்படத்தில் இரண்டை மறுநாளே கொடுத்துவிட்டேன். ஒன்று எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. போன வெள்ளிக்கிழமை அதை எடுத்து அம்மாவிடம் காட்டினேன். "வெறும் பாத்திரமா திருப்பிக் குடுக்கப்பிடாது, சொதி வச்சுக் குடு" என்றாள். இன்றைக்குக் காலையில் வைத்தோம். நாற்காலியை அடுக்களை வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டு அவள் சொல்லச் சொல்ல நான் செய்தேன். பாசிப்பருப்பு, கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய். எங்கள் வீட்டுச் சொதியில் சின்ன வெங்காயமும் பூண்டும் போடாமல் இருந்ததில்லை. மாமி சாப்பிடுவாரோ மாட்டாரோ என்று அம்மா இரண்டையும் விட்டுவிடச் சொன்னாள். இஞ்சித் துவையலை அவளே மிக்ஸி ஜாரை மடியில் வைத்துக்கொண்டு வழித்துக் கொடுத்தாள்.

பத்து மணிக்குக் கொண்டுபோனேன். மாமி மேசைக்குப் பின்னால் நின்றபடியே உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டு சுவைத்தார். "தேங்காய்ப் பால் திரியவே இல்லையே, முதல் பாலை எப்போ விடணும்?" என்று கேட்டார். நான் வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். வரிசையில் நின்ற எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா சத்தமாகச் சொன்னாள்: "ரெண்டாம் பால்ல காய் வேகணும். அடுப்ப அணைச்சுட்டு முதல் பால ஊத்தணும். நல்லா ஆறினப்புறம் எலுமிச்சம்பழம் பிழியணும். சுடச்சுடப் பிழிஞ்சிராதீங்கம்மா."